கல் இறங்கட்டும்

தலைக்கு மேலே எது தொங்கினாலும் அவர் முதலில் அதைத்தான் பார்ப்பார். அப்புறம்தான் ஆளைப் பார்ப்பார். எங்கள் வீட்டுக்குக் கூழ் குடிக்க வருகிற ஆட்கள் எல்லோரும் களத்து வேப்பமரத்தடியில் போய்த் தொப்பென்று உட்காருவார்கள். அவர் மட்டும் நின்றபடியே அண்ணாந்து பார்ப்பார். விதைக்கென்று மாமியார் கிளையில் கட்டித் தொங்கவிட்ட சுரைக்காய் ஒன்று கண்ணில் பட்டுவிட்டால் போதும், நாலடி தள்ளிப் போய் வெயிலில் உட்கார்ந்துதான் குடிப்பார்.

"ஏப்பா, சொரக்கா உளுந்து யாருக்காச்சும் மண்டை போயிருக்குதா?" என்று மாமியார் கேட்பார்.

"போகாதுங்க. ஆனா மேல அது ஆடறப்ப எனக்குக் கூழு எறங்காதுங்க" என்பார்.

சுற்றி உட்கார்ந்திருக்கிறவர்கள் சிரிப்பார்கள். அவருக்கு அதில் வெட்கமோ கோபமோ இருந்ததாகத் தெரியவில்லை. பசிக்கிறது என்று சொல்வதைப் போலவே பயமாக இருக்கிறது என்றும் சொல்லிவிடுவார். முப்பது வயது ஆண்பிள்ளை ஒருவர் வாய்விட்டுப் பயம் என்று சொல்லி அதற்கு முன்னால் நான் கேட்டதே இல்லை.

அவர் பெயர் எனக்குத் தெரியும், எழுதப் போவதில்லை. ஊரில் யாரும் அந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டதும் இல்லை. பயந்தாங்கொள்ளி என்பார்கள். அது நீளம் என்று நினைத்தவர்கள் 'பயந்தான்' என்று சுருக்கிக்கொண்டார்கள். எங்கள் வீட்டில் அவரை 'அவன், இவன்' என்றுதான் பேசினோம். பண்ணையத்து வீட்டில் கூலிக்கு வருகிற ஆளுக்காரர்களை அப்படித்தான் பேசுவது. இப்போது எழுத உட்கார்ந்தால் 'அவர்' என்றுதான் வருகிறது. மாமனார் உயிரோடு இருந்து இதைப் படித்தால் என்ன சொல்வாரோ என்று இந்த வயதிலும் பயமாகத்தான் இருக்கிறது. நானும் அப்படியொன்றும் தைரியசாலி இல்லை.

எங்கள் ஊர் நாமக்கல்லுக்கு மேற்கே. வானம் தெளிந்திருந்தால் கொல்லிமலை தெரியும். மேட்டூரில் அணை கட்டி முடித்து ஆட்களை அனுப்பிக்கொண்டிருந்த சமயம் அது. எனக்குக் கல்யாணமாகிப் பெண்குழந்தை பிறந்து, குழந்தை தவழ ஆரம்பித்திருந்தது. அந்த வருஷம் மழை ஏமாற்றிவிட்டது. கிணற்றில் ஆடு குடிக்கத் தண்ணீர் இல்லை. இன்னும் ஆழமாக வெட்டுவது என்று மாமனார் முடிவு செய்தார். எங்கள் பக்கம் கிணறு வெட்டுவதென்றால் மண்ணை வெட்டுவதல்ல, பாறையை உடைப்பது. வெடிமருந்து வைத்துப் பிளந்து, கடப்பாறையால் நெம்பி, கல்லை மேலே தூக்கிக் கொட்ட வேண்டும்.

தூக்குவதற்கு எங்களிடம் இருந்தது கவலை ஒன்றுதான். தண்ணீர் இறைக்கிற அமைப்பு. கிணற்று மேட்டில் இரண்டு கல்தூண், குறுக்கே உத்திரம், அதில் ஓர் உருளை. உருளையின் மேல் ஓடுகிற வடக்கயிற்றின் ஒரு முனையில் தண்ணீர் மொள்ளுகிற சால், மறுமுனையில் நுகத்தடியும் இரண்டு காளைகளும். மேட்டிலிருந்து சரிவில் காளைகள் கீழே இறங்கினால் சால் மேலே வரும். பின்பக்கமாகவே நடந்து மேடேறினால் சால் கிணற்றுக்குள் இறங்கும். ஓட்டுகிறவர் சரிவில் இறங்கும்போது கயிற்றின் மேலேயே உட்கார்ந்துகொள்வார், அவருடைய எடையும் மாட்டுக்கு உதவும். அந்தச் சாலைக் கழற்றிவிட்டு அந்த இடத்தில் இரும்புச் சங்கிலியைக் கட்டினார்கள். தண்ணீர் வந்த வழியில் கல் வரப்போகிறது, அவ்வளவுதானே என்றார் மாமனார்.

மேட்டூரிலிருந்து திரும்பி வேலை தேடிக்கொண்டிருந்த ஆள் என்று யாரோ அவரைக் கூட்டி வந்தார்கள். சொந்த ஊர் தம்மம்பட்டிப் பக்கம். பேச்சு எங்கள் பேச்சு இல்லை. எங்கள் ஊரில் வார்த்தைக்கு வார்த்தை மரியாதை போட்டுத்தான் பேசுவோம். அவர் பேச்சில் அது கொஞ்சம் குறைவு. முதல் நாளே மாமனாருக்கு அது காதில் உறுத்தியது. அதைவிட, வந்தவுடன் அவர் சொன்னது உறுத்தியது.

"இது தண்ணிக்குக் கட்டுனதுங்க. மாடும் தண்ணிக்குத்தான் பழகியிருக்கு. கல்லுக்கு இது பத்தாது."

"பத்தாட்டி நீ போய் மேட்டூர்ல இருந்து இரும்பு ஏத்தத்தக் கொண்டாறயா?" என்றார் மாமனார்.

"அதுவும் அறுந்து உளும்ங்க" என்றார் அவர், பதில் சொல்வதாக நினைத்துக்கொண்டு.

ஆனாலும் அவரை வைத்துக்கொண்டார்கள். பக்கத்துத் தோட்டத்தில் இதே மாதிரிக் கல் தூக்கும்போது ஓர் ஆளின் கால் போயிருந்தது. எங்கள் கிணற்றுக்குள் இறங்கப்போவது இரண்டு ஆட்களோடு மாமனாரின் ஒரே மகன். என் வீட்டுக்காரர்.

கிணற்று மேட்டில், உருளைக்குப் பக்கத்தில் போட்டிருந்த பலகையில்தான் அவர் நிற்பார். கீழே இருக்கிறவர்களையும் சரிவில் இருக்கிற மாட்டையும் பார்க்க முடிகிற ஒரே இடம் அது. காலையில் வந்ததும் வடக்கயிறு முழுவதையும் இரண்டு உள்ளங்கைக்கும் நடுவே விட்டு உருவுவார். ஒரு சாண்கூட விடமாட்டார். சங்கிலியின் ஒவ்வொரு வளையத்தையும் கல்லில் தட்டிக் காதருகே வைத்துக் கேட்பார். அதற்குள் வெயில் ஏறிவிடும். மாமனார் பல்லைக் கடித்துக்கொண்டு களத்தில் நடப்பார்.

ஒவ்வொரு கல்லுக்கும் ஒரே முறைதான். கிணற்றின் அடியில், சுவரைக் குடைந்து ஆள் ஒதுங்க ஒரு பொந்து வெட்டச் சொல்லியிருந்தார். கல்லில் சங்கிலியைக் கட்டியதும் மூன்று பேரும் அதற்குள் போய்விட வேண்டும். போனோமென்று அவர்களாகச் சொன்னால் நம்பமாட்டார். மேலேயிருந்து ஒவ்வொருவராகப் பேர் சொல்லிக் கூப்பிடுவார். என் வீட்டுக்காரருக்கு மட்டும் பேர் இல்லை, 'சின்னப் பண்ணாடி', சின்ன முதலாளி.

"சின்னான்?"

"ஒதுங்கியாச்சு!"

"மாரப்பா?"

"ஒதுங்கியாச்சு!"

"சின்னப் பண்ணாடி?"

"ஒதுங்கியாச்சப்பா, தூக்கு!"

மூன்று குரலும் வந்த பிறகுதான் சரிவைப் பார்த்துக் கையை அசைப்பார். கல் தரையை விட்டு ஒரு சாண் எழும்பியதும் நிறுத்தச் சொல்வார். ஆட்டம் நிற்கிற வரைக்கும் பார்த்துக்கொண்டு நிற்பார். அதன் பிறகுதான் கல் மேலே வரும். வந்து, பக்கவாட்டில் இழுத்து, மேட்டில் இறக்கி, சங்கிலி தளர்ந்து கிடக்கிற வரைக்கும் அவர் கண் அதை விட்டு நகராது. அந்த நேரத்தில் யார் என்ன கேட்டாலும் பதில் வராது. ரொம்ப வற்புறுத்தினால், திரும்பாமலே, "கல்லு எறங்கட்டும்" என்பார்.

எனக்கு அந்த நாட்களில் மாட்டுக்கொட்டகையில் சாணி அள்ளும்போதும் அடுப்பில் ஊதும்போதும் காது கிணற்றுப் பக்கமே இருக்கும். வெடி வைக்கும்போது இருந்த பயம் எனக்குப் பழகிவிட்டது. அது ஒரு சத்தத்தோடு முடிந்துவிடும். கல் தூக்குகிற பயம் அப்படி முடிகிற பயமில்லை. மூன்றாவதாக வருகிற குரல் கேட்கிற வரைக்கும் கையில் எடுத்த சாணி கையிலேயே இருக்கும். கேட்ட பிறகும் கல் ஏறி முடிகிற நேரம் ஒன்று இருக்கிறதே, அதை என்னவென்று சொல்வது. அந்த நேரம் முழுவதும் பயத்தோடு நிற்கிற இன்னொரு ஆள் கிணற்று மேட்டில் இருக்கிறார் என்பதுதான் எனக்கிருந்த ஒரே ஆறுதல்.

என் வீட்டுக்காரருக்குப் பயம் என்பதே கிடையாது. அல்லது, என்னைப் போல ஒருத்தியைக் கட்டிக்கொண்ட பிறகு அதை என்னிடமே விட்டுவிட்டார். ஒருநாள் உச்சி வெயிலில், படியேறி வர அலுப்பாக இருக்கிறதென்று, கட்டிய கல்லின் மேலேயே ஏறி உட்கார்ந்துகொண்டார். "சின்னப் பண்ணாடி?" என்று மேலேயிருந்து கேட்டதற்குப் பொந்துக்குள் தலையை நீட்டி ஒதுங்கியாச்சு என்று குரல் கொடுத்துவிட்டு, கல் எழும்பி, ஆட்டம் நின்று, மாடு மறுபடி நகரும்போது தாவி ஏறியிருக்கிறார். கல்லோடு காலை ஆட்டிக்கொண்டு மேலே வருகிறார். கஞ்சிக்கலயத்தோடு நான் அங்கேதான் நின்றிருந்தேன். கத்த வாயைத் திறந்தேன். பலகையில் நின்றவர் என்னைப் பார்க்காமலே ஒரு கையை மட்டும் என் பக்கமாக நீட்டினார், சத்தம் போடாதே என்று. மாடு மிரளக் கூடாது. மாட்டோட்டுகிற காத்தானிடம், தூங்குகிற குழந்தைக்குப் பக்கத்தில் பேசுகிற குரலில், "மெல்ல... மெல்ல... அப்படியே வா" என்று சொல்லிக்கொண்டே இருந்தார். கல் மேலே வந்தது. பக்கவாட்டில் இழுத்தார். இறக்கினார். என் வீட்டுக்காரர் சிரித்துக்கொண்டே குதித்து இறங்கி, "என்னப்பா, சவாரி எப்புடி?" என்றார்.

அவர் கற்றாழைப் புதருக்குப் பின்னால் போய், குடித்த கூழையெல்லாம் வாந்தி எடுத்தார். அங்கேயே மண்ணில் உட்கார்ந்துவிட்டார். என் வீட்டுக்காரர் அதைப் பார்த்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றார். அதற்கப்புறம் அவர் கல்லின் மேல் ஏறியதில்லை. அந்த வாந்திக்கு நான் எத்தனையோ சாமிக்குக் கும்பிடு போட்டிருக்கிறேன்.

இன்னொரு நாள் குழந்தையை வேப்பமரத்துக் கிளையில் தூளி கட்டிப் போட்டிருந்தேன். கூழுக்கு வந்தவர் தூளியைப் பார்த்து நின்றுவிட்டார். சொல்லலாமா கூடாதா என்று தயங்குவது முகத்தில் தெரிந்தது. பண்ணையத்து வீட்டுக் குழந்தையின் தூளியை ஆளுக்காரர் தொடுவது என்பதெல்லாம் அந்தக் காலத்தில் நடக்கிற காரியமில்லை. எனக்கு மாமியார் எந்தப் பக்கமிருந்து வருவாரோ என்று பயம்.

"அம்மா, பாப்பாவைக் கொஞ்சம் எடுத்துக்கிறீங்களா?"

எடுத்துக்கொண்டேன். அவர் இரண்டு கையாலும் தூளிச் சேலையின் முடிச்சுக்குக் கீழே பிடித்து, முழங்காலை மடக்கி, தன் உடம்பு முழுவதையும் அதில் தொங்கவிட்டார். கிளை அசைந்தது, முடிச்சு அசையவில்லை. சாவகாசமாக எழுந்து நின்று, "தாங்குதுங்க. போடுங்க" என்று சொல்லிவிட்டுப் போய் வெயிலில் உட்கார்ந்தார். தாங்குகிறது என்று அவரே சொன்ன பிறகும் அன்று முழுக்க நான் குழந்தையைத் தூளியில் போடவில்லை. மடியிலேயே வைத்துக்கொண்டிருந்தேன். அவர் பயம் ஒட்டுவாரொட்டி.

மாமனாருக்கு அவரைக் கண்டால் ஆகாமல் போனதற்குக் காரணம் இந்தப் பயமெல்லாம் இல்லை. அவர் கும்பிடமாட்டார் என்பதுதான். மாமனார் கிணற்று மேட்டுக்கு வந்தால் எல்லோரும் தலைத்துண்டை அவிழ்த்து இடுப்பில் கட்டிக்கொண்டு கையெடுத்துக் கும்பிட வேண்டும். காத்தான் கயிற்றின் மேல் உட்கார்ந்திருந்தாலும் குதித்து இறங்கித்தான் கும்பிடுவார். இவர் வந்த முதல் வாரமே காத்தானுக்கு ஒன்று சொல்லிவிட்டார்: கல் தொங்கும்போது சாமியே வந்தாலும் கயிற்றை விட்டு இறங்கக் கூடாது. இவரும் துண்டை அவிழ்ப்பதில்லை, திரும்பிப் பார்ப்பதுகூட இல்லை. கல் இறங்கிய பிறகு ஓடி வந்து ரொம்பப் பணிவாகக் கும்பிடுவார். ஆனால் அதற்குள் மாமனார் காத்துக்கொண்டு நின்றாகிவிட்டதே. தன் தோட்டத்தில், தன் கிணற்று மேட்டில், ஓர் ஆளுக்காரனுக்காகக் காத்துக்கொண்டு நிற்பது அவருக்கு எப்படி இருந்திருக்கும். "மருவாதி தெரியாத சீமையில பொறந்தவன்" என்று வீட்டில் வந்து உறுமுவார். அந்த உறுமலுக்கு வீடே ஒடுங்கும். ஊரும் அப்படித்தான். மாமனார் தெருவில் வந்தால் விளையாடுகிற பிள்ளைகள் சந்துக்குள் ஓடி ஒளியும். அதில் அவருக்கு ஒரு பெருமை இருந்தது.

ஒருநாள் கூழ் ஊற்றும்போது நானே கேட்டுவிட்டேன். "ஏப்பா, ஒரு கும்புடு போட்டா என்ன கொறஞ்சா போயிருவ? மாமா கோவத்தப் பாத்தா எனக்கே நடுங்குது."

அவர் கலயத்தைக் கீழே வைத்தார்.

"எங்க ஊர்ப் பக்கம் ஜமீன் மாதிரி ஒரு மிட்டாதாரு, அவரு கெணறுங்க. இதே மாதிரிதான் கவலையில கல்லு. எங்க அண்ணன் உள்ள இருந்துச்சு. கல்லு பாதி வரும்போது மிட்டாதாரு கொடை பிடிச்சுக்கிட்டு வந்தாரு. மாட்டுக்காரரு குதிச்சு எறங்கிக் கும்பிட்டாரு. கயித்துல அவரு எடை போனதும் கல்லு மாட்டைப் பின்னால இழுத்துருச்சு."

அண்ணாந்து வேப்பங்கிளையை ஒரு தடவை பார்த்துக்கொண்டார்.

"நல்ல மனுசங்க அந்த மாட்டுக்காரரு. அவரு மட்டுமில்ல, மேட்டுல நின்ன நாங்க எல்லாரும்தான் கும்பிட்டோம். கல்லு உள்ள விழுந்து சத்தம் வந்தப்ப எல்லார் கையும் கும்பிட்டபடிதான் இருந்துச்சுங்க."

உள்ளே போய் அடுப்படியில் நின்று அழுதேன். யாருக்காக அழுதேன் என்றால், உண்மையைச் சொல்கிறேன், அவருடைய அண்ணனுக்காக அல்ல. கிணற்றுக்குள் இருந்த என் வீட்டுக்காரரை நினைத்து அழுதேன்.

அந்த நாள் வந்தது. காத்தானுக்குக் காய்ச்சல். மாமனாருக்குத் தன் மாட்டோட்டும் திறமை மேல் தனிப் பெருமை உண்டு. நானே ஓட்டுகிறேன் என்று கயிற்றின் மேல் ஏறி உட்கார்ந்துகொண்டார். அன்றைக்குக் கட்டியது இருந்ததிலேயே பெரிய கல். இதை இரண்டாகப் பிளந்துவிட்டுத் தூக்கலாமே என்று இவர் சொல்லிப் பார்த்தார். மாமனார் கேட்கவில்லை. நான் குழந்தையோடு மேட்டோரம் நின்றிருந்தேன். கீழேயிருந்து மூன்று குரலும் வந்தன. கல் ஒரு சாண் எழும்பி நின்று, மறுபடி ஏற ஆரம்பித்தது. காளைகள் முட்டி மடங்கி மடங்கி இழுத்தன. மாமனார் சரிவில் பாதி இறங்கியிருப்பார். அப்போது வண்டித்தடத்தில் சலங்கைச் சத்தம் கேட்டது.

எங்கள் பக்கத்து மிட்டாதார் வில்வண்டியில் வந்து இறங்கினார். எங்கள் ஊரையும் சேர்த்துப் பல ஊருக்கு அதிகாரம் உள்ளவர். எங்கள் தோட்டத்துக்கு அவர் வருவது அதுதான் முதல் தடவை. எல்லோரும் அரக்கப் பரக்க எழுந்து துண்டை அவிழ்த்தார்கள். ஊரையே நடுங்க வைக்கிற என் மாமனாரின் முகத்தில் அப்படி ஒரு குழைவை நான் அதற்கு முன்னால் பார்த்ததில்லை. "வாங்க சாமி, வாங்க" என்று சொல்லிக்கொண்டே கயிற்றிலிருந்து ஒரு காலைத் தூக்கினார்.

"உக்காருடா!"

பலகையிலிருந்து வந்தது அந்தச் சத்தம். மனிதக் குரல் மாதிரியே இல்லை. மாமனாரை அவருடைய அப்பா காலமான பிறகு 'டா' போட்டுக் கூப்பிட்ட ஆள் இந்த உலகத்தில் யாரும் இருந்திருக்க முடியாது. தூக்கிய கால் அந்தரத்தில் நின்றது.

"உக்காருடா! உம்புள்ள கீழ இருக்கான்! உக்காரு!"

மாமனார் உட்கார்ந்தார். தானாக உட்கார்ந்தாரா, கால் மடங்கி உட்கார்ந்தாரா, தெரியவில்லை. காளைகள் ஓரடி பின்வாங்கியிருந்தன, கல் கிணற்றுக்குள் கிடுகிடுவென்று ஆடியது. குழந்தையை இடுப்பில் இறுக்கியதில் அது வீறிட்டு அழுதது. அழுகையைத் தவிர அந்த இடத்தில் வேறு சத்தம் இல்லை. "மெல்ல... அப்படியே வா... மெல்ல" என்று அவருடைய பழைய குரல் திரும்பியது. மிட்டாதார் உட்பட எல்லோரும் அந்தக் கல் ஏறி வருவதைப் பார்த்துக்கொண்டு நின்றோம்.

கல் மேட்டில் இறங்கியது. அவர் குனிந்து சங்கிலியைத் தளர்த்தினார். பிறகு துண்டை அவிழ்த்து, திரும்பி, இரண்டு கையையும் குவித்துக்கொண்டு நின்றார்.

மிட்டாதார் சிரித்தார். "என்னப்பா, உங்க தோட்டத்துல ஆளுக்காரன்தான் அதிகாரம் பண்றானாட்ட இருக்குது?" என்றார். அந்தச் சிரிப்பு இல்லாமல் இருந்திருந்தால் மாமனார் என்ன செய்திருப்பார் என்று நான் பலமுறை யோசித்திருக்கிறேன். சாட்டையோடு மேடேறி வந்தார்.

"மன்னிச்சுருங்க சாமி. மரியாதையாச் சொல்ல நேரமில்லீங்க" என்றார் அவர்.

மாட்டை அடிக்கிற சாட்டை. அதைக் கொண்டு மாமனார் மாட்டைக்கூட அப்படி அடித்ததில்லை. அவர் ஓடவில்லை, கையைக் கொண்டு தடுக்கவும் இல்லை. கும்பிட்டபடியே நின்றார். நான் அங்கேதான் நின்றேன். என் வீட்டுக்காரர் நடந்தது எதுவும் தெரியாமல் படியேறி மேலே வரும்போது, அவர் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு வண்டித்தடத்தில் போய்க்கொண்டிருந்தார். முதுகு கிழிந்திருந்தது. ஓர் இடத்தில், ரோட்டோரத்துப் புளியமரத்துக் கிளை தாழ்ந்திருந்த இடத்தில், விலகி நடந்தார்.

மறுநாள் மாமனாரே பலகையில் ஏறி நின்றார். காய்ச்சல் விட்டும் விடாமலும் காத்தான் கயிற்றில் உட்கார்ந்தார். "தூக்கறதுக்கு முன்னால ஊரக் கூட்டி ஒப்பாரி வெக்கோணுமா? எல்லாம் அவுங்களே ஒதுங்கிக்குவாங்க. ஓட்டுடா" என்றார் மாமனார். நான் கஞ்சிக்கலயத்தோடு அப்போதுதான் மேட்டுக்கு வந்தேன். சங்கிலி இறுகிற்று. கல் எழும்பியது. ஒரு சாணில் நிற்கவில்லை. கீழேயிருந்து குரல் எதுவும் வரவில்லை. யாரும் கேட்காதபோது யார் பதில் சொல்வார்கள்?

எட்டிப் பார்த்தேன். நான் நின்ற இடத்திலிருந்து பொந்து தெரியாது. ஆடுகிற கல்லும் அதற்குக் கீழே இருட்டும்தான் தெரிந்தன.

"ஏனுங்க" என்றேன். வீட்டுக்காரரை நான் கூப்பிடுகிற ஒரே வார்த்தை அது. கிணற்றுக்குள் மூன்று ஆண்பிள்ளைகள். யாரை என்று தெரியும்? கல் அதற்குள் ஓர் ஆள் உயரம் போய்விட்டது.

நான் என் வீட்டுக்காரர் பெயரைச் சொல்லிக் கத்தினேன். மாமனாருக்கு முன்னால், ஆளுக்காரர்களுக்கு முன்னால், பொண்டாட்டி வாயால் சொல்லக் கூடாத பெயரைச் சொன்னேன். இங்கே அதை எழுதக் கை வரவில்லை, அன்றைக்கு வாய் வந்துவிட்டது. "ஒதுங்கியாச்சா? ஒதுங்கியாச்சா?" என்று திரும்பத் திரும்பக் கத்தினேன்.

மாமனார் கல்லை விட்டுவிட்டு என்னைத் திரும்பிப் பார்த்தார். அந்தக் கண்ணைக் கண்டு வேறொரு நாள் என்றால் செத்திருப்பேன்.

"கல்லப் பாருங்க மாமா!"

அவர் கல்லைப் பார்த்தார். கை தானாக உயர்ந்தது. காத்தான் மாட்டை நிறுத்தினார். கல் அந்தரத்தில் ஆடிக்கொண்டிருந்தது. அந்த அமைதியில், கீழே ஈரப்பாறையில் யாரோ தடதடவென்று ஓடுகிற சத்தம் கேட்டது. பிறகு, மூச்சு வாங்குகிற குரலில், "ஒதுங்கிட்டேன்!" என்று என் வீட்டுக்காரர் பதில் கொடுத்தார். அந்த ஓட்டத்தை நானும் கேட்டேன், மாமனாரும் கேட்டார்.

மாமனார் கண்ணைக் கல்லை விட்டு எடுக்காமல், "சின்னான்?" என்றார். "மாரப்பா?" என்றார். எல்லோர் குரலும் வந்த பிறகு கையை அசைத்தார். கல் மேட்டில் இறங்கி, சங்கிலி தளர்ந்து கிடக்கிற வரைக்கும் பலகையை விட்டு நகரவில்லை.

அன்று சாயங்காலம் காத்தானைக் கூப்பிட்டார். போனவன் நாமக்கல் சந்தைப்பேட்டையில்தான் இருப்பான், பண்ணாடி கூப்பிட்டாரென்று சொல்லிக் கூட்டிக்கொண்டு வா என்றார். அதைச் சொல்ல அவருக்கு எவ்வளவு கஷ்டமாக இருந்தது என்பது கதவுக்குப் பின்னால் நின்ற எனக்கே தெரிந்தது. மறுநாள் மத்தியானம் காத்தான் தனியாகத் திரும்பி வந்தார். மாமனார் வாசலிலேயே காத்துக்கொண்டிருந்தார்.

"பாத்தயா?"

"பாத்தனுங்க. முதுகுக்கு வேப்பெண்ண தடவிக்கிட்டுக் குப்புறப் படுத்திருந்தானுங்க."

"நாங் கூப்புட்டேன்னு சொன்னயா?"

"சொன்னனுங்க. சாமி மேல கோவமெல்லாம் இல்லீனு சொன்னானுங்க."

"பொறவென்ன? எப்ப வாரானாம்?"

காத்தான் தலையைக் குனிந்துகொண்டு தரையைக் காலால் கிளறினார். "வல்லீனுட்டானுங்க. பயமா இருக்குதுன்னு சொல்லச் சொன்னானுங்க."

"கல்லத் தூக்கறதுக்கா?"

"இல்லீங்க" என்றார் காத்தான். "உங்களக் கண்டுதானுங்க."

மாமனார் தோள் துண்டை எடுத்து முகத்தை மூடிக்கொண்டு வாசற்படியிலேயே உட்கார்ந்துவிட்டார். தெருவில் விளையாடிக்கொண்டிருந்த பிள்ளைகள் அவரைக் கண்டதும் வழக்கம் போலச் சந்துக்குள் ஓடின.